சாம்பிளைக் கவனிக்கவும்

அந்த லேபில் இருபத்தாறு வருஷமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும் டெக்னீஷியனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை. லேபில், பக்கத்து மருந்துக் கடையில், எதிர்ச் சாரி செருப்புக் கடையில், எல்லோருக்கும் அவர் 'நார்மல்'. வயதில் சின்னவர்கள் மரியாதையாக 'நார்மல் அண்ணே' என்பார்கள். மனைவி மட்டும் கோபம் வந்தால், "உங்க லேப்ல வேணா நீங்க நார்மலா இருக்கலாம்" என்று ஆரம்பிப்பாள். அதற்கு மேல் அவள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

பட்டம் சும்மா வரவில்லை. லேபுக்குப் புது மெஷின் வந்தாலும், பழைய மெஷினுக்குப் புது மருந்துப் பெட்டி பிரித்தாலும், முதலில் கம்பெனி கொடுக்கும் 'கண்ட்ரோல்' என்ற திரவத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன் அளவு இவ்வளவு என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். மெஷின் அதே அளவைச் சொன்னால் மெஷின் யோக்கியம். மற்ற லேப்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். நம்மவர் நிறுத்த மாட்டார். இடது கையில் ரப்பர் பட்டையைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, வலது கையால் தன் ரத்தத்தைத் தானே எடுத்து, குழாயின் மேல் 'நார்மல்' என்று எழுதி, அதையும் ஓட்டுவார்.

"கண்ட்ரோல்ல என்ன இருக்குன்னு கம்பெனிக்காரனுக்கே சரியாத் தெரியாது. என் கையில என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும்" என்பது அவருடைய கட்சி.

அதிலும் ஒரு நியாயம் இருந்தது என்று சொல்ல வேண்டும். சர்க்கரை, கொழுப்பு, கிட்னி, லிவர், தைராய்டு என்று எதைப் பார்த்தாலும் அவருடைய அளவு புத்தகத்தில் போட்ட எல்லைக்கு நட்டநடுவில் போய் உட்காரும். அந்த அளவுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, லேப் ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டி வைத்திருந்தார். மெஷின் அந்தத் தாளோடு ஒத்துப்போனால் அன்றைக்கு லேப் திறக்கும். ஒத்துப்போகாவிட்டால் மெஷினுக்குத் திட்டு விழும். இருபத்தாறு வருஷத்தில் எல்லாத் தடவையும் மெஷின்தான் தோற்றிருக்கிறது.

இதனால் மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. வெறும் வயிற்றோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருக்கும் நோயாளியின் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுக்கும்போது, "உங்களுக்கு நூத்தி எண்பதா? எனக்குத் தொண்ணூத்தி ரெண்டு" என்று கேட்காமலே சொல்வார். அவர் வயதுக்காரர்கள் அவரை அடிக்காமல் விட்டது அவர் கையில் எப்போதும் ஊசி இருந்ததால்தான்.

அவருக்கு ஐம்பத்தேழு முடிந்தபோது லேபுக்கு ஹார்மோன் மெஷின் வந்தது. துணி துவைக்கும் மெஷின் அளவு இருக்கும். அதை வைக்க இடம் இல்லாமல், அவர் இத்தனை காலமாகத் தன் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து சாய்த்து வைத்த சுவரைப் பிடுங்கிக்கொண்டார்கள். முதல் பகை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

லேபின் சொந்தக்காரர் டாக்டரம்மா. அறுபது வயது. எல்லா ரிப்போர்ட்டிலும் அவர் கையெழுத்து வேண்டும். மெஷின் வந்த வாரம் மகளுக்குப் பிரசவம் என்று இருபது நாள் லீவில் போய்விட்டார். ரிப்போர்ட்டுகளை அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. "மெஷினைச் சரிபார்த்து வைங்க, நான் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். லேபின் பொறுப்பு முழுக்க நார்மலிடம் வந்தது.

அவர் முறைப்படி கண்ட்ரோலை ஓட்டினார். அச்சடித்த அளவு அப்படியே வந்தது. பிறகு பல்லால் பட்டையை இழுத்துத் தன் ரத்தத்தை எடுத்து ஓட்டினார். தைராய்டு நடுவில் வந்தது. விட்டமின் நடுவில் வந்தது. கடைசியாக பி.எஸ்.ஏ. ஆண்களுக்கு மட்டும் உள்ள புராஸ்டேட் என்ற சுரப்பி ரத்தத்தில் விடும் ஒரு சரக்கு அது. சிறுநீர்ப் பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. அது வீங்கினாலும், அதில் கிருமி புகுந்தாலும், புற்று வைத்தாலும் பி.எஸ்.ஏ. ஏறும். நாலுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை என்பார்கள்.

மெஷின் பதினொன்று புள்ளி நாலு என்று அச்சடித்தது. பக்கத்தில் சிவப்பில் ஓர் அம்புக்குறி, மேல் நோக்கி.

தன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையை அவர் அதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு ரிசப்ஷனில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "மெஷின் அவுட்டு. கம்பெனிக்குப் போன் போடும்மா" என்றார்.

"கண்ட்ரோல் சரியா வந்துச்சேண்ணே?"

"கண்ட்ரோலும் அவன் சரக்கு, மெஷினும் அவன் சரக்கு. ஒண்ணை ஒண்ணு காட்டிக்கொடுக்குமா?"

சர்வீஸ் இன்ஜினியர் மறுநாள் வந்தார். நாற்பத்தைந்து வயது, தோளில் ஒரு பெரிய பை, முட்டி வலி. மெஷினுக்கு முன்னால் உட்காருவதற்குள் இரண்டு தடவை 'அப்பாடா' என்றார். உள்ளே இருந்த ஊசிக் குழாயைக் கழற்றிக் கழுவி, எல்லாவற்றையும் அளந்து பொருத்தி, கண்ட்ரோலை ஓட்டிக் காட்டினார். பிசகே இல்லை. நார்மல் தன் குழாயை நீட்டினார். பதினொன்று புள்ளி இரண்டு.

"சார், இது யாரோட சாம்பிள்?"

"அது நம்ம ஸ்டாண்டர்டு சாம்பிள். இருபத்தாறு வருஷமா ஓட்றது."

இன்ஜினியர் குழாயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய மனுஷரிடம் வாயைக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். "புது மருந்து கிட் போட்டுப் பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை நம்மவருக்கு ஒரு யோசனை வந்தது. சைக்கிள்! சைக்கிள் சீட்டு அந்த இடத்தில் அழுத்தினால் பி.எஸ்.ஏ. கொஞ்சம் ஏறலாம் என்று எங்கேயோ படித்திருந்தார். படுக்கையில் மனைவியோடு கொஞ்சிக் குலாவினாலும் ஏறலாம் என்று அதே இடத்தில் போட்டிருந்தது. ஆக, ஒரு வாரம் இரண்டுக்கும் விடுமுறை. சைக்கிளை உருட்டிக்கொண்டே லேபுக்கு நடந்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் பஞ்சரா என்று கேட்டார்கள். ஆமாம், பஞ்சர் என்றார். இரண்டாவது விடுமுறையைப் பற்றி மனைவி எதுவும் கேட்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

வாரம் முடிந்ததும் இன்ஜினியர் புது கிட்டோடு வந்தார், புதிதாக எடுத்த ரத்தத்தை ஓட்டினார்கள். பதினொன்று புள்ளி ஆறு.

இதற்கிடையில் லேபுக்குப் பி.எஸ்.ஏ. பார்க்க ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மெஷின் பழுது என்று சொல்லி அவர்கள் ரத்தத்தை வேறொரு பெரிய லேபுக்கு அனுப்பினார் நார்மல். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்தவர் விஷயத்தில் மனுஷன் சுத்தம். ஆனால் அனுப்பும் முன் அதே ரத்தத்தில் கொஞ்சம் இங்கேயும் ஓட்டிப் பார்த்துக்கொண்டார். ஆறு பேர். பெரிய லேபின் ரிப்போர்ட்டுகள் வந்தபோது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆறும் ஒத்துப்போயின.

அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாள்களை மடித்து மேஜை இழுப்பறையில், காலாவதியான கையுறைப் பெட்டிக்கு அடியில் வைத்தார். பிறகு போன் போட்டு இன்ஜினியரை மூன்றாவது தடவையாக வரச் சொன்னார். தெரிந்த விஷயத்தைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதற்கு இவ்வளவு மெனக்கெடும் ஆளை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது தடவை இன்ஜினியர் பையைத் திறக்கவே இல்லை. சட்டைக் கையைச் சுருட்டினார். "என் ரத்தத்த எடுங்க சார்" என்றார். எடுத்து ஓட்டினார்கள். பூஜ்யம் புள்ளி எட்டு. பக்கத்து மருந்துக் கடைக்காரரை இழுத்து வந்தார். அறுபத்திரண்டு வயது, மூன்று வேளை இருமல், இரண்டு வேளை புகை. அவருக்கு இரண்டு புள்ளி ஒன்று. மருந்துக் கடைக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "உங்களுக்கு எவ்வளவு, நார்மல்?" என்று கேட்டார். இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு ஒரே கேள்வியில் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டார்.

இன்ஜினியர் மேஜையில் உட்கார்ந்து சர்வீஸ் ரிப்போர்ட் எழுதினார். மஞ்சள் தாள், மூன்று நகல். வழக்கமாக அதில் பத்து வரி இருக்கும். இந்தத் தடவை இரண்டே வரி.

'மெஷின் நல்ல நிலையில் உள்ளது. சாம்பிளைக் கவனிக்கவும்.'

கையெழுத்துக்கு நீட்டியபோது இன்ஜினியர் மெதுவாகச் சொன்னார். "சார், உங்க கையில பஞ்சு ஒட்டியிருக்கு. மூணு தடவையும் இருந்துச்சு. மெஷினை இன்னும் பத்து தடவை கூட நான் கழட்டி மாட்டறேன், அது என் வேலை. நீங்க ஒரு டாக்டரைப் பாருங்க."

நார்மல் கையெழுத்துப் போட்டார். போடும்போது தன் முழுப் பெயரை எழுதினார். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

டாக்டரம்மா லீவு முடிந்து வந்த அன்று அந்த மஞ்சள் தாள் அவர் மேஜையில் முதலாவதாக இருந்தது. அதை வைத்தது ரிசப்ஷன் பெண். அவளைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. டாக்டரம்மா படித்தார், அதோடு சேர்த்து வைத்திருந்த, அம்புக்குறி போட்ட மூன்று அச்சுத் தாள்களையும் பார்த்தார், அவரைக் கூப்பிட்டார்.

"என்ன தொந்தரவு இருக்கு? ஒண்ணுக்குப் போறதுல கஷ்டம்? அடிக்கடி எழுந்திருக்கறது? எரிச்சல்?"

"ஒண்ணுமே இல்ல டாக்டரம்மா. குழாயைத் திறந்த மாதிரி போகுது. அதனாலதான் சொல்றேன், மெஷின்ல..."

"இன்னொரு தடவை மெஷின்னு சொன்னீங்க, உங்களைத் தூக்கி அதுக்குள்ள போட்டு மூடிடுவேன். ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியாதுய்யா இதுல. தெரியாம இருக்கறப்பவே புடிக்கத்தானே இந்த டெஸ்ட்டே இருக்கு! புற்றாவும் இருக்கலாம், வெறும் வீக்கமாவும் இருக்கலாம். அது தெரியணும்னா ஆள் போய்ப் பாக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய அப்பா முதுகு வலி, முதுகு வலி என்று இரண்டு வருஷம் தைலம் தேய்த்தார், இடுப்புப் பட்டை கட்டினார், கட்டிலை மாற்றினார், கடைசியில் கட்டிலைக் குறை சொன்னார். அந்த இரண்டு வருஷமும் மாதா மாதம் அப்பாவுக்கு ரத்தம் எடுத்தது இவர்தான். சர்க்கரை பார்த்தார், கிட்னி பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டு, "எல்லாம் நார்மல்பா" என்றார். எந்த டாக்டரும் பி.எஸ்.ஏ. எழுதவில்லை. இவரும் போடவில்லை. கடைசியில் ஒருவர் எழுதியபோது புராஸ்டேட்டில் ஆரம்பித்த புற்று முதுகெலும்பு முழுக்கப் பரவியிருந்தது. அப்பா போன பிறகு, அந்த ஒரு குழாய் ரத்தத்தைப் பற்றி இவர் யாரிடமும் பேசியதில்லை. மனைவியிடம் இல்லை, தம்பியிடம் இல்லை. உள்ளுக்குள் அது ஆறவும் இல்லை.

"அப்பாவுக்கு" என்றார்.

டாக்டரம்மா திட்டுவதை நிறுத்திவிட்டார். ஒரு டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். "இன்னைக்கே" என்றார்.

மனைவியிடம் சொல்ல வேண்டுமே. அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பகலில் அவளைப் பிடிக்க வேண்டுமென்றால் காரில்தான் பிடிக்க வேண்டும். நம்மவர் தெரு முனையில் கையைக் காட்டிக் காரை நிறுத்திப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். ஸ்டியரிங்கில் ஒரு பாங்க் ஆபீஸர் அம்மா. மூன்றாவது நாள் வகுப்பு. பக்கத்துச் சீட்டில் மனைவி. அவள் காலடியில் இன்னொரு பிரேக். கார் நடந்து போகிறவர்களை விட மெதுவாகப் போனது.

"கிளட்ச்சை விடுங்க... மெதுவா... என்னங்க, என்ன விஷயம்? சாப்பிட வந்தீங்களா?"

"இல்ல. ரத்தத்துல ஒண்ணு ஏறியிருக்கு. அப்பாவுக்கு வந்ததா இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க."

மனைவி பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தாள். கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. பாங்க் ஆபீஸர் அம்மா இரண்டு கையையும் தூக்கிவிட்டு, "நான் ஒண்ணும் பண்ணல மேடம், சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல" என்று அழ ஆரம்பித்தார்.

"நீங்க பண்ணலம்மா. இந்த மனுஷன்தான்" என்றாள் மனைவி. திரும்பிப் பார்த்தாள். "எப்ப தெரியும்?"

"மூணு வாரம்."

"மூணு வாரம். அதான் சைக்கிளை உருட்டுனீங்களா? அதான் அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்தீங்களா? நான் என்னவோ உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்." அவள் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆபீஸர் அம்மாவைப் பக்கத்துச் சீட்டுக்கு மாறச் சொல்லிவிட்டு, தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த டாக்டரிடம் நேராக விட்டாள். பாவம், அந்த ஆபீஸர் அம்மாவும் கூடவே வந்து காத்திருந்தார். அன்றைய வகுப்பு அப்படியே முடிந்தது.

டாக்டர் ஒல்லியான மனுஷர், ஆனால் விரல்கள் தடிமனாக இருந்தன. நம்மவர் முதலில் கவனித்தது அதைத்தான். பின்பக்கமாக விரலை விட்டு அந்தச் சுரப்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், இருபத்தாறு வருஷத்தில் அடுத்தவரிடம் ஆயிரம் தடவை 'கையை விறைக்காதீங்க' என்று சொன்ன நார்மல், தலை முதல் கால் வரை விறைத்துப்போனார்.

"ஒண்ணுமில்ல சார், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அவ்வளவுதான்" என்றார் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே.

அது நார்மலின் சொந்த வசனம். ஊசி குத்தும் முன் எல்லோரிடமும் அவர் விடும் புளுகு. எறும்பு எந்த லட்சணத்தில் கடிக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பத்து எண்ணி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. மானம் போய்விடும் என்று பயந்தாரே தவிர, வலி ஒன்றும் பிரமாதமாக இல்லை. மானமும் போகவில்லை. பேன்ட்டை ஏற்றியதும் அது பழைய இடத்திலேயே இருந்தது.

"இடது பக்கம் கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்றார் டாக்டர்.

பிறகு ஸ்கேன். பிறகு அந்தச் சுரப்பியிலிருந்து பன்னிரண்டு இடத்தில் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்தார்கள். ஊர் ரத்தத்தையெல்லாம் குத்தி எடுத்தவருக்கு ஊர் சார்பாகத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று மருந்துக் கடைக்காரர் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, கடையை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வந்தார்.

பத்து நாள் கழித்து ரிசல்ட். புற்றுதான். நார்மலும் மனைவியும் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கை அவள் கையை எப்போது பிடித்தது என்று இருவருக்குமே தெரியாது.

"சுரப்பிக்குள்ளயே இருக்கு. வெளியில போகல. எலும்புல ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். "சிலருக்கு இது ரொம்ப சோம்பேறி ரகமா இருக்கும். ஒண்ணும் பண்ணாம, அப்பப்ப டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கிட்டே காலத்தை ஓட்டிடலாம். உங்களுது கொஞ்சம் சுறுசுறுப்பு. ஆபரேஷன்ல எடுத்துடலாம், இல்லன்னா கதிர்வீச்சு குடுக்கலாம். எதுன்னாலும் இந்தக் கட்டத்துல நல்லாப் போகும். ஆமா, தொந்தரவே இல்லன்னீங்களே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மெஷினைச் சரிபார்த்தேன் சார்."

டாக்டர் புரியாமல் மனைவியைப் பார்த்தார். "அவர் அப்படித்தான் டாக்டர். நீங்க எடுத்துடுங்க" என்றாள் அவள்.

"நல்ல வேளை" என்றார் டாக்டர். "ரெண்டு மூணு வருஷம் கழிச்சு முதுகு வலின்னு வந்திருந்தா, நான் பேசற பேச்சே வேறயா இருந்திருக்கும்."

நார்மல் அந்த இடத்தில் அழுதார். தனக்காக இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பின் வந்ததைத்தான் அவர் இன்றுவரை நல்லபடி என்று ஒப்புக்கொள்ளவில்லை. பத்து நாள் சிறுநீருக்கு ஒரு குழாயும் பையும். குழாயை எடுத்த பிறகு, தும்மினால் நனைகிறது, சிரித்தால் நனைகிறது. குழந்தைகளுக்குக் கட்டுவதைப் பெரிய அளவில் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒண்ணுக்கை அடக்குவது போல் அடித் தசையை இறுக்கி இறுக்கி விட ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். காலை, மதியம், மாலை. பார்க்கிறவர்களுக்கு அவர் ஏதோ ஆழ்ந்த சிந்தனையில் இருப்பதாகத் தெரியும். மூன்றாவது மாதம் அந்தப் பொட்டலத்துக்கு விடை கொடுத்தார். படுக்கை விஷயமும் பழைய வேகத்தில் இல்லை, அதற்கும் டாக்டரிடம் வழி கேட்டுக்கொண்டார்கள். கேட்டது மனைவி. இவர் அப்போது சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

லேபுக்குத் திரும்பியதும் ஹார்மோன் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். ரிசப்ஷன் பெண், டாக்டரம்மா, மருந்துக் கடைக்காரர் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் நின்றார்கள். பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தார். எடுத்தார். ஓட்டினார். சுரப்பியே இல்லையே, எங்கிருந்து வரும்! மெஷினால் அளக்க முடிந்த கடைசிப் புள்ளிக்கும் கீழே என்று அச்சாகி வந்தது. பக்கத்தில் மறுபடியும் ஓர் அம்புக்குறி, இந்தத் தடவை கீழ் நோக்கி.

"இப்பவும் நார்மல் இல்லண்ணே" என்றாள் ரிசப்ஷன் பெண்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளைக் கிழித்தார். இனிமேல் கம்பெனி கண்ட்ரோலே போதும் என்று அறிவித்தார். டாக்டரம்மா இருபத்தாறு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. தம்பி.

தம்பிக்கு ஐம்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர். கழுத்தில் விசில் தொங்காமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தண்டால் எடுத்துக் காட்டிவிட்டுப் போனவர். "அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு, உனக்கும் பாக்கணும்டா, நாப்பத்தஞ்சுலயே பாத்திருக்கணும்" என்று அண்ணன் ஏழு தடவை சொன்னார். எட்டாவது தடவை அண்ணி காரைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மைதானத்தில், ஓட்டப் பந்தயக் கோட்டுக்கு நடுவிலேயே நிறுத்தினாள். பிள்ளைகள் முன்னால் வம்பு வேண்டாம் என்று மாஸ்டர் ஏறிக்கொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள். மெஷின் ஐந்து புள்ளி ஒன்று என்றது. சிவப்பு அம்பு.

தம்பி தாளை வாங்கிப் பார்த்தார். விசிலைக் கழுத்தில் இப்படியும் அப்படியும் உருட்டினார். "தினம் நாலு மைல் ஓடறேண்ணே. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. குழாயைத் திறந்த மாதிரி போகுது. உங்க மெஷின்ல ஏதோ கோளாறு."

ரிசப்ஷன் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். நார்மலுக்குச் சிரிப்பு வரவில்லை. இழுப்பறையைத் திறந்து, காலாவதியான கையுறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த மஞ்சள் தாளின் ஒரு நகலை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார்.

தம்பி இரண்டு வரியையும் படித்தார். "யாரு எழுதுனது?"

"மெஷின்காரர். எனக்கு எழுதிக் கொடுத்தாரு." நார்மல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டேய், அப்பாவுக்கு ரெண்டு வருஷம் ரத்தம் எடுத்தது நான்தான். மாசா மாசம். எல்லாம் நார்மல்பான்னு சொன்னதும் நான்தான். இந்த ஒரு டெஸ்ட்டை யாரும் எழுதல. நானும் போடல. ஒரு குழாய் ரத்தம்தான்டா. கையில வச்சிருந்தேன். போடல."

நார்மல் ஈரமான முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"உன்னுது ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். அஞ்சுங்கறது ஒண்ணும் பெருசில்ல. அதை டாக்டர் சொல்லட்டும். நீயும் சொல்லாத, நானும் சொல்லல."

வெளியே கார் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. அண்ணி என்ஜினை நிறுத்தாமலே காத்திருந்தாள். தம்பி விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தார். மஞ்சள் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த டாக்டருக்கு விரல் தடியா இருக்கும்னு அண்ணி சொன்னாங்களே?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்டா" என்றார் நார்மல். "நட."